வேலை கேட்டால் விலை சொல்கிறார்கள்!

உழைத்துப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அதிலும் குறிப்பாக, வேலை தேடும் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு இரவில் தூக்கம் வராமல் புரளும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அல்சூரில் எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஒரு தாய் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். போளூர்ப் பக்கத்திலிருந்து இந்த நகரத்துக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. கணவருக்குப் பெயின்ட் வேலை. அந்த அம்மாள் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். மகன் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவன்.

"அண்ணா, இவனுக்கு நீங்களாவது நாலு புத்தி சொல்லுங்க. காலையில ஏழு மணிக்குக் கிளம்புறான், பொழுது சாஞ்சுதான் வர்றான். எட்டு மாசமா ஒரு வேலை அமையல. ஊர்ல போன் பண்றவங்க எல்லாம் அதையேதான் கேக்குறாங்க. எதிர்வீட்டுப் பையன் ஒயிட்ஃபீல்டுல சம்பாதிக்கிறான். இவனுக்கு மட்டும் என்ன குறை?" என்று அந்தத் தாய் கேட்டார்.

அவர் என் மனைவியோடு பேச உள்ளே போனதும் பையன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. வேலை வாங்கித் தர்றேன்னு சொன்ன ஒருத்தர்கிட்ட முப்பத்தஞ்சாயிரம் கொடுத்தேன். நாலு பேர்கிட்ட கடன் வாங்கித்தான் கொடுத்தேன். இப்ப அவர் போனே எடுக்கறதில்ல. ரெண்டு மாசமா நான் வேலை தேடியே போகல. ஏரிக்கரையில உக்காந்துட்டு வர்றேன்."

அவனுக்கு நான் என்ன புத்தி சொல்வது? நான் இந்த நகரத்துக்கு வந்தது 1978இல். ஜோலார்பேட்டையிலிருந்து பாசஞ்சர் வண்டி ஏறி, கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி, கையில் ஒரு தகரப் பெட்டியோடு ஜோகுபாளையத்தில் மாமன் வீட்டைத் தேடிக்கொண்டு நடந்தவன் நான். பிட்டர் படிப்பு முடித்த சான்றிதழ் பெட்டிக்குள் இருந்தது. பதினான்கு மாதம் வேலையில்லை. அந்தப் பதினான்கு மாதத்தில், "பெரிய அதிகாரிகளைத் தெரியும்" என்று சொன்ன ஒரு மனிதரிடம் 600 ரூபாய் கொடுத்தேன். என் தாயின் கம்மலை அடகு வைத்த பணம் அது. அந்த ஆள் அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. என் தந்தை சாகும்வரை அவரிடம் நான் அதைச் சொன்னதில்லை.

அன்று அந்தப் பையனிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, அவன் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் அவன் தாயின் எதிரில் உட்கார வைத்து, "உண்மையைச் சொல்லிவிடப்பா" என்றேன். அந்த அம்மாள் அடிப்பார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "நான் முதல்ல வேலைக்குச் சேர்ந்தேனே, அந்த வீட்டைக் காட்டின ஏஜென்சிக்காரிக்கு ஒரு மாசச் சம்பளம் கொடுத்தேன். உங்கப்பா திட்டுவாருன்னு நானும் சொல்லல."

தோழர்களே! ஒரே அறையில் மூன்று பேர். மூன்று பேரும் வேலைக்கு விலை கொடுத்தவர்கள். மூன்று பேரும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டவர்கள். அவர்கள் இருவருடைய சம்மதத்தோடுதான் இதை இங்கே எழுதுகிறேன். ஏனென்றால், நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்: வேலையை விற்கிறவன் நம்முடைய வறுமையினால் மட்டும் வாழவில்லை, நம்முடைய வெட்கத்தினாலும் வாழ்கிறான். நாம் வாயை மூடியிருக்கும்வரை அவன் கடை திறந்தே இருக்கும்.

அன்று வாசலாவது இருந்தது

பெங்களூருக்குத் தமிழன் வந்தது நேற்றல்ல. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அங்கே இருந்த வெள்ளையர் படை 1809 வாக்கில் அல்சூர்ப் பகுதிக்கு வந்து பாளையம் அடித்தது. படையோடு சேர்ந்து வந்தவர்கள்தாம் நம் முன்னோர். சாப்பர் படையில் சேர்ந்த தம்பிகள், கல் உடைத்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், வண்டி ஓட்டியவர், சலவை செய்தவர், சமையல்காரர், காய்கறி விற்றவர் என்று ஒரு பட்டாளத்துக்குப் பின்னால் இன்னொரு பட்டாளம் வந்தது. ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து வந்து வணிகத்தில் பொருள் ஈட்டிய நாராயணசாமி முதலியார், ஏழைப் பிள்ளைகளுக்காக 1873இல் பள்ளிக்கூடம் தொடங்கினார். அவர் பெயரிலான கல்வி நிறுவனங்கள் இன்றும் அல்சூரில் நடக்கின்றன.

பிறகு ஆலைகள் வந்தன. 1884இல் தோன்றிப் பின்னர் பின்னி மில் என்று பெயர் பெற்ற பஞ்சாலை வந்தது. 1940இல் விமானத் தொழிற்சாலை வந்தது. நாடு விடுதலை பெற்ற பின் 1948இல் ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலையும், 1953இல் எச்.எம்.டி.யும், 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும், 1964இல் பி.இ.எம்.எல்.லும் வந்தன. இவை அனைத்தும் அரசாங்கத்தின் தொழிற்சாலைகள். கோலாரில் 1880இலிருந்து தங்கம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்து மக்களே.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. 600 ரூபாயைப் பறிகொடுத்தவன் அப்படிச் சொல்லுவேனா? சிபாரிசு அன்றும் இருந்தது. "கேஷுவல்" என்ற பெயரில் ஆறு மாதம் வேலை வாங்கி வெளியே தள்ளும் பழக்கமும் அன்றும் இருந்தது. ஆனால் அன்று ஒரு வாசல் இருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அங்கே பதிவு செய்தால் ஓர் எண் கிடைக்கும். காலி இடங்களை முதலாளி அறிவிக்க வேண்டும் என்று 1959இல் ஒரு சட்டமும் வந்தது. அதிலும் ஓட்டை இருந்தது: காலியிடத்தை அறிவிக்கத்தான் சட்டம் கட்டாயப்படுத்தியதே தவிர, அந்த அலுவலகத்தின் மூலம்தான் ஆள் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும், அரசாங்க ஆலைகள் பட்டியல் கேட்டன. கடிதம் வந்தது. கடிதம் வந்தவன் வாசலில் வரிசையில் நின்றான். தேர்வானால் அவன் பெயருக்கு ஒரு டோக்கன், ஒரு சம்பளச் சீட்டு, ஒரு சங்கம் இருந்தது. வேலை கொடுப்பவன் யார் என்று அவனுக்குத் தெரிந்தது.

இன்று? அல்சூரில் நின்று அண்ணாந்து பாருங்கள். 2011 அக்டோபரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ, இப்போது நம் தலைக்கு மேலே ஒயிட்ஃபீல்டு வரைக்கும் போகிறது. அங்கே கண்ணாடி மாளிகைகள் வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அதன் வாசலில் நிற்கும் காவலாளியிடம் "வேலை இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். "நாளே பா" என்பான். நாளைக்கு வா என்று பொருள். தொண்ணூறுகளில் ஒரு புரளி கிளம்பி, ராத்திரியில் கதவைத் தட்டும் பேய் திரும்பிப் போகட்டும் என்று இந்நகரத்து வீட்டுக் கதவுகளில் "நாளே பா" என்று எழுதி வைத்தார்களே, நினைவிருக்கிறதா? பேய்க்குச் சொன்ன அதே பதிலைத்தான் இன்று வேலை தேடும் பிள்ளைக்குச் சொல்கிறார்கள்.

அந்தக் காவலாளி மேல் கோபப்பட வேண்டாம். அவனும் அந்தக் கம்பெனியின் ஆள் அல்ல. அவனை வைத்திருப்பது ஒரு காண்டிராக்டர். உள்ளே தரை துடைக்கும் பெண்ணை வைத்திருப்பது இன்னொரு காண்டிராக்டர். கேன்டீனில் சோறு போடுகிறவனை வைத்திருப்பது மூன்றாவது காண்டிராக்டர். மாளிகை ஒன்று, அதற்கு வாசல் மட்டும் இல்லை. வாசல் இருந்த இடத்தில் தரகன் உட்கார்ந்திருக்கிறான்.

கங்காணி சாகவில்லை

இந்தத் தரகன் யார் என்று நமக்குத் தெரியாதா? நம் பாட்டன்மாரை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனானே, அந்தக் கங்காணிதான் இவன்.

கங்காணி அயலான் அல்லன். நம் ஊர்க்காரன், நம் பாஷைக்காரன், பல சமயம் நம் உறவுக்காரன். ஊருக்கு வருவான், முன்பணம் கொடுப்பான், அந்த முன்பணம் கடனாகும், அந்தக் கடனே விலங்காகும். அவன் கூட்டிப் போன ஒவ்வொரு தலைக்கும் வேலைக்கு இறங்கிய நாள் ஒவ்வொன்றுக்கும் தலைக்காசு என்று தோட்ட நிர்வாகம் அவனுக்குக் கொடுத்தது. "துண்டு" என்று ஒரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் துண்டு இல்லாமல் அவன் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. புதிய துரை அந்தக் கடனைக் கட்டினால்தான் அவனுக்கு விடுதலை. அப்போதும் விடுதலை இல்லை, கடன்தான் கைமாறும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

நூறு ஆண்டுகள் கழித்து நம் நிலை என்ன? வேலையில் சேரும்போது அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறானே ஒரு காண்டிராக்டர், அது துண்டு இல்லாமல் வேறென்ன? விலகும்போது விடுப்புக் கடிதம் தராமல் இழுத்தடிக்கிறானே, அது துண்டு இல்லாமல் வேறென்ன? அந்தக் கடிதம் இல்லாமல் அடுத்த கம்பெனி சேர்த்துக்கொள்ள மறுக்கிறதே, பெயர் மட்டும்தானே மாறியிருக்கிறது! "ரெஜிஸ்ட்ரேஷன்", "டிரெயினிங் கட்டணம்", "யூனிபார்ம் பணம்" என்று கேட்பதெல்லாம் தலைக்காசுதான். அன்று தலைக்காசைத் தோட்டத்துரை கொடுத்தான்; இன்று வேலை தேடுபவனே கொடுக்கிறான். வித்தியாசம் அவ்வளவே.

இன்னும் ஒரு வகைக் கங்காணி இருக்கிறான். அவனுக்கு முகமே கிடையாது. செல்போனில் செய்தியாக வருவான். "வீட்டிலிருந்தே வேலை, நாளொன்றுக்கு இத்தனை ரூபாய்" என்பான். முதலில் சிறிது பணம் அனுப்பி நம்ப வைப்பான். பிறகு "டெபாசிட் கட்டு" என்பான். கட்டியவுடன் மறைவான்.

இந்தக் கங்காணிக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? இயற்கையாக வரவில்லை. 1970இல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. நிரந்தரமாக நடக்கிற வேலையில் ஒப்பந்தக் கூலிமுறையைத் தடை செய்ய அரசாங்கத்துக்கு அது அதிகாரம் கொடுத்தது. ஆனால், அப்படித் தடை செய்தாலும் அந்தத் தொழிலாளி தானாக நிரந்தரத் தொழிலாளி ஆகிவிட மாட்டான் என்று 2001 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதியோடு கோலார் தங்கவயல் சுரங்கமும் மூடப்பட்டது. தங்கம் வெட்டியவரின் பிள்ளைகள் அன்றுமுதல் இன்றுவரை மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். ராத்திரி வீடு திரும்பும்போது குழந்தைகள் தூங்கியிருக்கும். 2016இல் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலையையும் மூட முடிவெடுத்தார்கள். அரசாங்கம் ஒவ்வொரு வாசலாக மூட மூட, தரகன் ஒவ்வொரு சந்திலும் கடை திறந்தான்.

நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே பொருந்தும் என்றிருந்த ஒப்பந்தக் கூலிச் சட்டத்தின் வரம்பு 50 ஆக உயர்ந்துவிட்டது. சிறிய கங்காணிகளுக்கு இது கொண்டாட்டம். ஆனால், வேலையில் சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. கெட்டதை எதிர்த்துப் போராடுவோம். நல்லதைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்போம். கேட்காதவனுக்குச் சட்டம் தானாக வந்து கதவைத் தட்டாது.

கன்னடப் பிள்ளை நம் எதிரியா?

வேலை கிடைக்காத வயிற்றெரிச்சலில் நம்மவர் சிலர், "நாம் தமிழர் என்பதால்தான் தரமாட்டேன் என்கிறார்கள்" என்று பேசுவதைக் கேட்கிறேன். அப்படி நடப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் நடந்ததை நம் குடும்பங்கள் மறக்குமா? அந்த ஆண்டு நிறுவப்பட்ட வள்ளுவர் சிலை அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் துணியால் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதிதான் திறக்கப்பட்டது என்பதையும் நாம் மறக்கவில்லை.

ஆனால் நியாயமாகச் சிந்திப்போம். ராய்ச்சூரிலிருந்தும் கல்புர்கியிலிருந்தும் கன்னடம் மட்டுமே தெரிந்த ஓர் ஏழைப் பிள்ளை இதே நகரத்துக்கு வருகிறான். அவன் தாய்மொழியில் பெயர்ப்பலகை இருக்கிறது. அவனுக்கு வேலை இருக்கிறதா? அதே கண்ணாடி மாளிகை வாசலில் அவனுக்கும் "நாளே பா" என்றுதான் சொல்கிறார்கள். அதே கங்காணியிடம்தான் அவனும் பணம் கட்டுகிறான்.

மண்ணின் மைந்தருக்கு வேலை என்ற கோரிக்கை இங்கே புதிதல்ல. 1983இல் அமைக்கப்பட்ட சரோஜினி மகிஷி குழு 1986இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் அளித்தது. தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதமும் மற்ற வேலைகளில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரருக்கு என்றது அது. உள்ளூர்க்காரர் யார்? கர்நாடகத்தில் பிறந்து, 15 ஆண்டு குடியிருந்து, கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்தவர். அந்த வரையறையைக் கூர்ந்து படியுங்கள். அல்சூரில் பிறந்து, கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்த தமிழ்ப் பிள்ளையும் அதில் அடக்கம்தான். வெளியே நிற்பவன் நேற்று வந்தவன்.

சில நாட்களிலேயே அந்த மசோதாவை நிறுத்தி வைத்தார்கள். யாருக்காக நிறுத்தினார்கள்? நம் கண்ணீருக்காகவா? இல்லை. பெரிய கம்பெனிகள் கண்டனம் தெரிவித்தன, அரசாங்கம் பின்வாங்கியது. கன்னடப் பிள்ளைக்கு வேலை தருவதா, தமிழ்ப் பிள்ளைக்குத் தருவதா என்ற வழக்கில், இருவரையும் கேட்காமலே தீர்ப்பு எழுதப்பட்டது. தீர்ப்புச் சொன்னவன் முதலாளி.

நாம் இன்னொன்றையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் 75 சதவீத வேலை தமிழருக்கே என்று சட்டம் கொண்டுவருவதாக 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. அதைப் படித்து நம்மில் எத்தனை பேர் கைதட்டினோம்? 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவியபோது, திருப்பூரிலிருந்து அந்தப் பிள்ளைகள் பயந்து ரயிலேறினார்களே, அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று 1991ஐக் கண்ட நமக்கல்லவா தெரியும்? அங்கே கைதட்டிவிட்டு இங்கே கண்ணீர் விடுவது நியாயமாகாது. அரியானாவில் இதேபோல 75 சதவீதம் என்று போட்ட சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. இந்திய மண்ணில் எங்கும் குடியிருக்கவும் எந்தத் தொழிலும் செய்யவும் அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு குடிமகனுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அந்த உரிமை நமக்கு உண்டென்றால் பீகாரிக்கும் உண்டு.

மொழி பாராமல் சேர்ந்து நின்றபோது என்ன நடந்தது என்பதற்கும் இந்த நகரமே சாட்சி. 1980 டிசம்பரில் தொடங்கி 1981 மார்ச் வரைக்கும் 77 நாட்கள் பெங்களூர் அரசாங்க ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கன்னடர், தமிழர், தெலுங்கர், மலையாளிகள் எல்லோரும் ஒரே வாசலில் நின்றார்கள். அதெல்லாம் பழங்கதை என்பீர்களா? 2016 ஏப்ரலுக்கு வாருங்கள். பி.எஃப். பணத்தில் முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கார்மென்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் தையல் மெஷினை விட்டு எழுந்து ஓசூர் ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். பெரிய தலைவர் யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. இரண்டே நாளில் அரசாங்கம் அந்த விதியைத் திரும்பப் பெற்றது. அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் "நீ எந்த ஊர்?" என்று கேட்டுக்கொண்டா ரோட்டில் உட்கார்ந்தார்கள்?

இனி நாம் செய்ய வேண்டியது

பேசிவிட்டுக் கலைந்து போவதால் பயனில்லை. நாளைக் காலையிலிருந்து நாம் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு.

முதலாவது, வேலைக்குப் பணம் கேட்பவன் வேலை கொடுப்பவன் அல்லன். இதைப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடிபோலச் சொல்லிக் கொடுங்கள். சம்பளம் அவன் நமக்குக் கொடுக்க வேண்டுமே தவிர, நாம் அவனுக்குக் கொடுக்கக் கூடாது. அசல் சான்றிதழை எவனிடமும் ஒப்படைக்கக் கூடாது, நகல் போதும். செல்போனில் ஏமாந்திருந்தால் அந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போய்விடும்.

இரண்டாவது, கடிதம் கேளுங்கள். எவ்வளவு சம்பளம், யார் முதலாளி, எந்தத் தேதியில் சம்பளம் என்று எழுத்தில் வாங்குங்கள். பி.எஃப்.புக்குத் தொழிலாளி 12 சதவீதம், முதலாளி 12 சதவீதம். ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். சில காண்டிராக்டர்கள் இரண்டு பங்கையும் தொழிலாளியின் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். சிலர் பிடித்ததைக் கட்டுவதே இல்லை. உங்கள் பி.எஃப். கணக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று செல்போனிலேயே பார்த்துவிடலாம். தெரியாவிட்டால் தெரிந்த பிள்ளையிடம் கேளுங்கள்; அதில் வெட்கமில்லை.

மூன்றாவது, கன்னடம் படியுங்கள். நான் வந்த புதிதில் பதினான்கு மாதம் திண்டாடியதற்குப் பாதிக் காரணம், கேட்டவருக்கு அவர் மொழியில் பதில் சொல்லத் தெரியாததுதான். கன்னடம் படிப்பதால் தமிழ் குறைந்துவிடாது. நம்மை வாழவைக்கும் மண்ணின் மொழியை மதிப்பது கடமை. அது மட்டுமல்ல, வேலை தேடுபவனுக்கு அது ஒரு கருவி. பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை, நேற்று ஊரிலிருந்து வந்த பெரியப்பா மகனுக்கு மாலை ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் போதும். மூன்று மாதத்தில் வாய் திறக்கும்.

நான்காவது, இதுதான் முக்கியமானது, வேலைச் செய்தியை நாம் இலவசமாக்க வேண்டும். தரகன் விற்பது வேலையை அல்ல. வேலை அவன் கையில் இல்லை. எங்கே ஆள் தேவை என்ற செய்தியைத்தான் அவன் விற்கிறான். அந்தச் செய்தி உண்மையில் யாரிடம் இருக்கிறது? நம்மிடம் இருக்கிறது! ஒயிட்ஃபீல்டில் தரை துடைக்கும் அக்காவுக்குத் தெரியும், அங்கே எலெக்ட்ரீஷியன் நின்றுவிட்டார் என்று. பீனியாவில் லேத் ஓட்டும் தம்பிக்குத் தெரியும், அடுத்த ஷெட்டில் ஆர்டர் வந்திருக்கிறது என்று. ஆஸ்பத்திரியில் வார்டு பார்க்கும் அம்மாவுக்குத் தெரியும், லேப்பில் ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று. ஆனால் நாம் சொல்வதில்லை. "நம் தங்கை மகன் ஊரிலிருந்து வந்தால் அவனுக்கு ஆகும்" என்று வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம். தங்கை மகன் வருவதற்குள் தரகன் அந்த இடத்தை விற்றுவிடுகிறான்.

நம் சங்கத்தின் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டுவோம். ஞாயிறுதோறும் மாலை ஒரு மணி நேரம், படித்த பிள்ளைகள் இரண்டு பேர் உட்காரட்டும். யார் வந்து என்ன இடம் காலி என்று சொன்னாலும் பலகையில் எழுதட்டும். எந்தக் காண்டிராக்டர் பணம் கேட்டார், யார் சம்பளம் பாக்கி வைத்தார் என்பதற்குத் தனியாக ஒரு நோட்டு வைக்கட்டும். ஒருவன் புகார் சொன்னால் "போய்யா" என்பார்கள். ஒரே ஆளைப் பற்றிப் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, பன்னேர்கட்டா ரோட்டில் இருக்கும் கார்மிக பவனுக்குக் கொண்டுபோனால் அந்தக் காகிதத்துக்கு எடை உண்டு. பலகையைப் பார்க்க வருகிறவன் கன்னடனா, தெலுங்கனா, பீகாரியா என்று கேட்க வேண்டாம். பசிக்குப் பாஷை கிடையாது. இதற்கு ஆகும் செலவு ஒரு டப்பா சாக்பீஸ்.

பெற்றவர்களுக்கு

கடைசியாகப் பெற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எதிர்வீட்டுப் பையனை உதாரணம் காட்டாதீர்கள். எட்டு மாதம் வேலை தேடுகிறவன் சோம்பேறி அல்லன். ஒவ்வொரு நாளும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய், முகம் தெரியாத பத்துப் பேரிடம் "இல்லை" என்ற சொல்லை வாங்கிக்கொண்டு திரும்புவதைவிடக் கடினமான உழைப்பு வேறில்லை. அந்த உழைப்புக்குக் கூலியும் இல்லை, லீவும் இல்லை. வீட்டில் திட்டு விழும் என்று பயந்த பிள்ளை நேரே தரகனிடம் போவான். ஏமாந்தபின் ஏரிக்கரைக்குப் போவான். "என்ன ஆனாலும் வந்து சொல்லடா" என்ற ஒரு வார்த்தையை அவனுக்குக் கொடுங்கள். முப்பத்தைந்தாயிரத்தைவிடப் பெரிய சொத்து அது.

நான் 600 ரூபாய் இழந்ததை ஒருவரிடமும் சொல்லாமல் இத்தனை ஆண்டு மறைத்தேன். நான் அன்றே சொல்லியிருந்தால், அதே ஆள் எனக்குப் பிறகு அந்தத் தெருவில் இன்னும் எத்தனை பேரை ஏமாற்றினானோ, அதில் ஒருவனாவது தப்பியிருப்பான். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தப் பையனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் அவன் இப்போது ஏரிக்கரைக்குப் போவதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை கரும்பலகை பக்கத்தில் உட்காரப் போகும் இரண்டு பிள்ளைகளில் அவன் ஒருவன். உங்களுக்குத் தெரிந்த காலியிடத்தை அவனிடம் வந்து சொல்லுங்கள். நீங்கள் ஏமாந்த கதை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.